யோவ் ஓனரு

வாங்க தம்பி, வா தாயி. போர்டப் பாத்துட்டுத் தான வர்றீங்க? நாந்தான் எழுதுனேன். மூணாப்பு வரைக்கும் போனவன் எழுதுனா அப்பிடித்தான் இருக்கும். 'வீடு' எறும்பு சைசுல இருக்கும், 'வாடகைக்கு' யானை சைசுல இருக்கும். பாக்குறவன் வீடு சின்னது, வாடகை பெருசுன்னு நெனச்சு அப்பிடியே சைக்கிளத் திருப்பிருவான். நீங்க திருப்பாம வந்துருக்கீங்க. தைரியசாலிதான்.

செருப்பு கெடக்கட்டும், கழட்டாதீங்க, இது என்ன கோயிலா. இந்தா தாயி, சாவி. பெரிய சாவி வாசக்கதவு, சின்னது அடுப்படி. மாடிப்படி வீட்டுக்குப் பின்னாடி, சுத்திக்கிட்டுப் போகணும். செவத்தப் புடிச்சுக்கிட்டே ஏறு, வளைவுல கொஞ்சம் பாசி இருக்கும். பைய போ. ஒன்னும் அவசரமில்ல.

தம்பி, நீங்க எங்க கெளம்பிட்டீங்க? ஒக்காருங்க. வீடு பாக்குறது அவுக சோலி. நாம போனா என்ன செய்வோம், செவத்த ரெண்டு தட்டு தட்டுவோம், பேன் சுத்துதான்னு பாப்போம், 'ம், நல்ல காத்து'ன்னு சொல்லிட்டு வந்துருவோம். அவுக அடுப்படியில நின்னு பாத்தாத்தான் தெரியும், இங்க குப்ப கொட்ட முடியுமா முடியாதான்னு. பாத்துட்டு வரட்டும். நான் மேல வரல. எனக்கு முட்டி. படி ஏறி எட்டு மாசம் ஆச்சு.

இருங்க, மோட்டாரப் போட்டுட்டு வந்துர்றேன்.

ம். போட்டாச்சு. அஞ்சு மணின்னா மோட்டாரு. நாள் தவறாது. டேங்க் ரொம்ப இருபத்தஞ்சு நிமிசம். நீங்க கேப்பீங்க, மேல ஆளே இல்ல, கீழ ஒத்த ஆளு, டேங்க் எப்பிடியா காலியாகும்னு. நான் காலி பண்ணிருவேன். மத்தியானமே பைப்பத் தொறந்து மாமரத்துக்கு, வாசலுக்கு, ரோட்டுக்குன்னு ஊத்தி விட்டுருவேன். பழைய தண்ணி நிக்கக்கூடாது தம்பி, புழு வச்சிரும். எதுத்த வீட்டுக்காரன் சொல்றான், 'அண்ணே பங்குனி வெயில்ல ஊரே கொடத்தத் தூக்கிட்டு அலையுது, நீங்க ரோட்டுக்குத் தண்ணி ஊத்துறீங்களே'ன்னு. அவன் சொல்றது என் காதுல விழுகாது.

அந்தப் பொட்டியா? சுச்சுக்குப் பக்கத்துல வெள்ளையா இருக்குல்ல, அதுவா? அது ஒன்னும் இல்ல. அதத் தொடாதீங்க.

சரி, ரூல்ஸச் சொல்லிர்றேன். ஆணி அடிக்கலாம், ஆனா சாமி படத்துக்கு மட்டும். மாமியார் படத்த மாட்டணும்னா எங்கிட்ட எழுதிக் குடுத்துட்டு மாட்டணும். கறி மீனு தாராளமா சமைக்கலாம், வாசம் கீழ வந்துச்சுன்னா கிண்ணமும் பின்னாலயே வரணும். விருந்தாளி வரலாம். நாலு நாளைக்கு மேல தங்குனா நானே மேல வந்து, 'ஐயா, உங்க ஸ்டாப்பிங் வந்துருச்சு'ன்னு எறக்கி விட்டுருவேன்.

சிரிக்கிறீங்க. நல்லது. சிரிக்கிற ஆளு குடி வந்தா வீட்டுக்கு நல்லது.

நான் இருபத்தெட்டு வருசம் மினிபஸ்ல கண்டக்டரு தம்பி. ஆனையூர்லருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு. சோலைமலைன்னா இந்த ரூட்டுல தெரியாத ஆளு கெடையாது. எவ்வளவு கூட்டம்னாலும் என் வண்டியில சண்டை வராது. நான் வர விட மாட்டேன். குண்டா இருக்கவன் ஏறுனா 'அண்ணனுக்கு ரெண்டு டிக்கெட்டு'ம்பேன். புதுசாக் கல்யாணம் ஆனதுக ஏறுனா 'சேந்து நின்னா அர டிக்கெட்டு'ம்பேன். வைவாங்க, சிரிப்பாங்க, மறுநாளும் என் வண்டியிலயே வருவாங்க. வாயிதான் என் பொழப்பு. இந்த வீட்டக் கட்டுனதும் இந்த வாயிதான்.

இங்க ஒன்னு கவனிச்சீங்களா? மத்த ஓனரெல்லாம் மொதக் கேள்வியே 'எத்தனை பேரு'ன்னு தான் கேப்பான். நான் கேட்டனா? கேக்கல. கேக்கவும் மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க.

முந்தி கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தண்ணி கஷ்டம் பாருங்க. தலைக்கு இத்தன கொடம்னு கணக்குப் பண்ணித்தான வீடு விடணும். அப்பிடித்தான் தவசியவும் அழகுராணியவும் கேட்டேன். உங்களுக்கு முன்னாடி மேல இருந்தவுக. நாலு வருசம் இருந்தாக. அவன் மோட்டாரு காயில் கட்டுற கடையில வேலை, பேச்சுன்னு ஒன்னு இருக்கறதே தெரியாத ஆளு. அவ அதுக்கும் சேத்துப் பேசுவா. வந்த அன்னைக்கு இதே எடத்துல நிக்கிறாக. 'எத்தனை பேரு?'ன்னேன். 'நாங்க ரெண்டே பேருதாண்ணே'ன்னா. 'பிள்ள குட்டி?'ன்னேன். 'இல்லண்ணே'ன்னா. 'ரொம்ப நல்லதாப் போச்சு! செவத்துல கிறுக்க ஆள் இல்ல, தண்ணியும் மிச்சம், இன்னைக்கே பால் காய்ச்சுங்க'ன்னுட்டேன். எம்புட்டு சந்தோசமா சொன்னேன் தெரியுமா? அந்தப் புள்ள மொகம் ஒரு மாதிரி ஆச்சு. நல்ல வெயிலு அன்னைக்கு. வெயிலுக்குத்தான்னு நெனச்சேன்.

அவுகளுக்குக் கல்யாணம் ஆகி அப்ப மூணு வருசம். எங்களுக்கும்தான் இல்ல தம்பி. எனக்கும் என் வீட்டுக்காரி பூங்காவனத்துக்கும். இல்லேன்னா என்ன, செத்தா போயிட்டோம்? அவ செத்துட்டா. அது வேற. அது சுகரு.

மேல் வீட்டக் கட்டச் சொன்னதே பூங்காவனம்தான். 'நமக்கப்புறம் இந்த வீட்டுல மனுச நடமாட்டம் வேணும்யா, தலைக்கு மேல காலடிச் சத்தம் கேக்கணும்'னா. கட்டி முடிச்சு வெள்ளையடிக்கும்போது போய்ச் சேந்துட்டா. அப்புறம் நான் ஒத்தையா கீழ. வீட்டுக்குள்ள பேச ஆளு கெடையாது. இருபத்தெட்டு வருசம் கத்துன வாயி, காலையில எந்திரிச்சா 'சோலை, காப்பி போடு'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்.

அப்பத்தான் அவுக வந்தாக.

வந்து ஒரு மாசம் 'அண்ணே'தான். 'அண்ணே, டேங்க் ரொம்பிருச்சு போல'ன்னு மேலருந்து பூனை மாதிரி ஒரு கொரலு. அந்தா, நம்ம தலைக்கு மேல தெரியுதுல்ல ஜன்னல், அதான் அடுப்படி. அத ஒட்டித்தான் பைப்பு வருது. டேங்க் ரொம்பினா மொதல்ல அவளுக்குத்தான் தெரியும். சுச்சு கீழ எங்கிட்ட. அப்ப அவதான சொல்லணும்? ஒரு நாள் நான் தூங்கிட்டேன். தண்ணி அது பாட்டுக்கு ஊத்துது. அவ 'அண்ணே'ன்னு பத்துத் தடவ கூப்புட்டுப் பாத்துட்டு, பொறுக்க மாட்டாம கத்துனா பாருங்க ஒரு கத்து.

'யோவ் ஓனரு! இருக்கியா செத்துட்டியா? இருந்தா மோட்டார நிப்பாட்டு! செத்துட்டா சொல்லு, நாங்க நிப்பாட்டிக்கிறோம்!'

தெருவே நின்னு பாக்குது. நான் துள்ளி எந்திரிச்சேன். எனக்குக் கோவம் வரணும்ல? வரல தம்பி. அம்புட்டு சிரிப்பு. 'செத்துட்டேன்! மாலை வாங்கிட்டு வா!'ன்னு கீழருந்து கத்துனேன். 'செத்தவன் பேசக்கூடாது, மூடிக்கிட்டுப் படு!'ன்னா. எனக்குச் சமமா பேசுற ஒரு ஆளு. என் பூங்காவனம்கூட அப்பிடிப் பேச மாட்டா.

அன்னையிலருந்து 'யோவ் ஓனரு'தான். தெனம் அஞ்சரைக்கு அந்தக் கொரல் வரும். ஒரு நாள் 'யோவ் ஓனரு, தெருவ நெல்லு நட உழுகுறியா'ம்பா. இன்னொரு நாள் 'யோவ் ஓனரு, அழகர் ஆத்துல எறங்க இன்னும் நாள் கெடக்கு, இப்பவே தண்ணி தொறந்து விட்டுட்டியே'ம்பா. நானும் விடுவனா? 'உன் வாயத்தான் தொறந்து விட்டுருக்கு, நிப்பாட்டச் சுச்சு எங்க'ம்பேன். கறிக்கொழம்பு வச்சா வயர்கூடையில கிண்ணத்த வச்சு ஜன்னல் வழியா கயித்துல எறக்குவா. 'ஓனரு, தூண்டில் போட்டுருக்கேன், வந்து கவ்வு'ம்பா.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எனக்குக் காது நல்லாக் கேக்கும். எஞ்சின் சத்தத்த வச்சே டீசல் எம்புட்டுக் கெடக்குன்னு சொல்றவன் நான். டேங்க் ரொம்புனா மோட்டாரு சத்தம் மாறும், எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சே ஒக்காந்துருப்பேன். டிவிய வேற கொஞ்சம் சத்தமா வச்சுக்குவேன். அவ ஒரு தடவ கூப்புடுவா, எந்திரிக்க மாட்டேன். ரெண்டாந்தடவ கொஞ்சம் சூடா வரும். மூணாந்தடவ வரும் பாருங்க, அதுக்குத்தான் தம்பி காத்துக்கிட்டுருப்பேன். மூணாவதுலதான் வசவு எல்லாம் வரும். அதக் கேட்டுட்டுத்தான் சுச்ச அமத்துவேன். அது ஒரு வெளையாட்டு. அவளுக்கும் தெரியும்னுதான் நெனைக்கிறேன். தெரியாமலா இருக்கும்?

ஒரே ஒரு கொறை சொல்லுவா. வழியிற தண்ணி பைப்பு வழியா நேரா மாடிப்படி வளைவுலதான் போய் விழுகும். கொத்தனாரு அப்பிடி வச்சுட்டுப் போயிட்டான். 'யோவ் ஓனரு, அந்தப் பைப்பத் திருப்பி வைய்யா, படியெல்லாம் பாசி'ம்பா. 'பச்சைக் கம்பளம் விரிச்சுருக்கேன் உனக்கு, எந்த ஓனரு விரிப்பான்'னு சொல்லிச் சிரிச்சுக்குவேன். திருப்பணும்னுதான் இருந்தேன். ஒரு மொழத்துக் குழா, வாங்கி மாமரத்தடியில போட்டும் வச்சேன், அம்புட்டுத்தான் வேலை. அப்பிடியே தள்ளித் தள்ளிப் போயிருச்சு. வீடுன்னா ஆயிரம் வேலை இருக்கும் தம்பி. ஓனரா இருந்து பாத்தாத்தான் தெரியும்.

தங்கச்சி மேல என்ன பண்ணுது? ஜன்னல் கதவத் தொறந்து மூடுற சத்தம் கேக்குது. பாக்கட்டும், நல்லா பாக்கட்டும்.

சரி, போன வருசம் ஆனி மாசம். இங்கதான் ஒக்காந்துருக்கேன். வாசல்ல காய்கறி வண்டி, நாலஞ்சு பொம்பளைங்க நிக்கிறாக. அழகுராணி படி எறங்கி வர்றா. எப்பவும் தடதடன்னு வர்றவ, அன்னைக்கு ஒவ்வொரு படியா, செவத்தப் புடிச்சுக்கிட்டு. வந்து என் முன்னாடி நின்னு கையக் கட்டிக்கிட்டா. 'யோவ் ஓனரு, ரெண்டே பேருன்னு சொல்லித்தான் குடி வந்தோம். தை மாசம் மூணாவதா ஒரு ஆளு வருது. வீடு உண்டா, இல்ல இப்பவே சட்டி பானையத் தூக்கவா?'ன்னா.

ஏழு வருசம் தம்பி. ஏழு வருசம் கழிச்சு. அவுக அம்மாவுக்குக்கூட அப்புறம்தான் போன் பண்ணுனாளாம். மொதல்ல எங்கிட்ட வந்து நிக்கிறா.

நான் சும்மா இருந்துருக்கலாம். 'நல்லாருத்தா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா அவ அப்பிடிக் கேக்கும்போது சும்மா எப்பிடி இருக்கறது? கேட்டதே வெளையாட்டாத்தான கேட்டா? காய்கறி வண்டிக்காரன் வேற என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறான். என்ன சொல்லப் போறானோன்னு. எனக்குள்ள இருந்த கண்டக்டரு எந்திரிச்சுட்டான். அந்தா ஆணியில தொங்குற என் பழைய விசில எடுத்து ஒரு ஊது ஊதுனேன். 'ஓவர்லோடு! ஓவர்லோடு! வண்டியில ரெண்டு சீட்டுதான்! ஒரு ஆள எறக்கி விட்டுட்டு ஏறு!'ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாக. வண்டிக்காரன் தராசக் கீழ வச்சுட்டுச் சிரிச்சான். அவளும் சிரிச்சா தம்பி. நான் இந்தக் கண்ணால பாத்தேன். சிரிச்சுக்கிட்டேதான் திரும்பிப் போனா. மெதுவாத்தான் படி ஏறுனா, மாசமா இருக்கவ மெதுவாத்தான ஏறுவா.

எனக்கு இருப்புக் கொள்ளல. சைக்கிள எடுத்துக்கிட்டு செல்லூர் வரைக்கும் போய் நல்ல மாதுளையா பொறுக்கி வாங்கிட்டு வந்து அந்த வயர்கூடையில வச்சுக் கயித்த ஆட்டுனேன். 'என்னய்யா ஓனரு, நீ தூண்டில் போடுற?'ன்னா. 'உனக்கில்ல, அந்த டிக்கெட் எடுக்காத ஆளுக்கு'ன்னேன். அதுக்கும் சிரிச்சா. கோவம்னா சிரிப்பாளா? நீங்க படிச்ச ஆளா தெரியிறீங்க, நீங்களே சொல்லுங்க.

ஆடி பொறந்துச்சு. ஆடி நாலாந்தேதி. எனக்குத் தேதி நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு அஞ்சு மணிக்கு மோட்டாரப் போட்டேன். அஞ்சரைக்கு ரொம்பிருச்சு. 'யோவ் ஓனரு'ன்னா. ஒக்காந்துருந்தேன். ரெண்டாவது, 'யோவ் ஓனரு, நிப்பாட்டுய்யா, படியெல்லாம் ஊத்துது, அவரு வர்ற நேரம்'னா. டிவிய ஒரு புள்ளி ஏத்தி வச்சேன். மூணாவது கூப்புட்டா. அன்னைக்கு மூணாவதுல வசவே இல்ல. 'ஓனரு'ன்னா. அம்புட்டுத்தான். இதென்ன, உப்புச் சப்பில்லாம இருக்கேன்னு நாலாவதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். வரல. கோவிச்சுக்கிட்டா போலன்னு நானே போய்ச் சுச்ச அமத்திட்டு, சட்டையப் போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். வந்து பாக்குறேன், மேல பூட்டிக் கெடக்கு. சரி, அம்மா வீட்டுக்குப் போயிருப்பாக, ஆடிக்கு அழைச்சுட்டுப் போறது வழக்கம்தானன்னு விட்டுட்டேன்.

மூணு நாள் கழிச்சு வந்தாக. ஆட்டோ சத்தம் கேட்டுச்சு. எனக்கு சந்தோசம்னா அப்பிடி ஒரு சந்தோசம். சாயங்காலம் மோட்டாரப் போட்டுட்டு ஒக்காந்துட்டேன். ரொம்பிருச்சு. ஊத்துது. கொரலக் காணோம். கால் மணி நேரம் ஆச்சு. அர மணி ஆச்சு. ஒரு மணி நேரம் தம்பி! தண்ணி தெருமொனை வரைக்கும் ஓடிருச்சு. ஜன்னல் தொறந்துதான் கெடக்கு, உள்ள ஆளும் நிக்கிது, சேலை தெரியுது. ஒரு வார்த்தை வரல. எனக்கு எப்பிடி இருக்கும்? மூணு நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வந்தா இம்புட்டுத் திமிரான்னு வெளிய வந்து நின்னு கத்துனேன்.

'ஏம்மா! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சுருக்க? ஊர் தண்ணி எல்லாம் போகுது, பாத்துக்கிட்டு நிக்கிற? ஒரு ஓனரக் கூப்புடக்கூட முடியாதா ஒன்னால?'

சேலை ஜன்னல விட்டு நகந்துருச்சு.

கொஞ்ச நேரத்துல தவசி எறங்கி வந்தான். அவன்தான் பேச மாட்டானே. சுச்ச அமத்திட்டு, எனக்கு முன்னாடி நின்னான். 'அண்ணே, அவளப் பாத்துக் கத்தாதீங்கண்ணே. இன்னைக்குக் காலையிலதான் ஆஸ்பத்திரியிலருந்து வந்தோம். கலைஞ்சிருச்சுண்ணே'ன்னான்.

நான் உள்ள போய் டிவிய அமத்துனேன்.

அவனே சொன்னான். 'அன்னைக்கு சாயங்காலம் படியில கால் எடறிருச்சுண்ணே. வளைவுல ஒக்காந்துருந்தா. நான் வேலை முடிஞ்சு வந்துதான் தூக்கிட்டுப் போனேன்'னான். அம்புட்டுத்தான் சொன்னான். போயிட்டான்.

படியில எடறாத ஆளு யாரு தம்பி? ஓடுற வண்டியில நான் எத்தன தடவ விழுந்துருக்கேன், முட்டியப் பாருங்க, தழும்பு. டாக்டரும் சொல்லியிருக்காராம், இந்த மாசத்துல இது தானாவும் ஆகும்னு. தவசியே அப்புறம் ஒரு நாள் சொன்னான். இன்னொன்னு பாருங்க, வளைவுல விழுந்து கெடந்தவ ஒரு சத்தம் குடுத்துருக்கக் கூடாதா? நான் கீழதான இருக்கேன்? ஒரு தடவ கூப்புட்டுருந்தா ஓடி வந்துருக்க மாட்டேனா? மோட்டாருக்கெல்லாம் அப்பிடிக் கத்துறவளுக்கு, அன்னைக்கு ஒரு கொரல் குடுக்க வாய் வரலையா?

எனக்கு என்ன உறுத்துதுன்னா அந்தத் தமாசுதான். எறக்கி விட்டுட்டு வான்னு சொல்லிட்டேன்ல. வாய்க்கு வந்தத. அத மனசுல வச்சுக்கிட்டாளோன்னு. வீடு பாக்க வர்ற எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். ஒரு தமாசு வார்த்தையால ஒருத்தருக்கு எதுவும் ஆகுமா? ஆகாதுன்னுதான் எல்லாரும் சொல்றாக. போன வாரம் ஒரு டீச்சரம்மா வந்தாக, அவுகளும் ஆகாதுன்னுட்டாக. நீங்க என்ன சொல்றீங்க? ஆகாதுல்ல? ஆகாது. அப்புறம் எதுக்குத் தம்பி போனாக?

ஆடியில யாராச்சும் வீடு மாறுவாகளா? ஊர்ல உலகத்துல கேட்டுருக்கீங்களா? அவுக மாறுனாக. ஆடி முடியட்டும்டா, ஆவணியில போங்கடான்னேன். தவசி, 'இல்லண்ணே, அவளுக்கு அந்தப் படியில எறங்க ஏற முடியல'ன்னான். மூணாவது மாடியா இது? பதினேழு படி.

போறதுக்கு மொத நாள், அவன் ஒரு பொட்டியக் கொண்டாந்து ஒக்காந்து மாட்டுனான். அதான், அந்த வெள்ளப் பொட்டி. மேல டேங்குக்குள்ள ஒரு வயரப் போட்டு, இங்கிட்டு இழுத்து இதுல சொருகிட்டான். டேங்க் ரொம்புனா மோட்டாரு தானா நின்னுரும். 'எதுக்குடா இது?'ன்னேன். 'இனி யாரும் கூப்புட வேண்டியதில்லண்ணே'ன்னான். காசு வாங்க மாட்டேன்னுட்டான். கடைக்குப் போய் வாங்குனா எம்புட்டு ஆகும்! எனக்கு நல்லது பண்ணுறதா நெனச்சுத்தான பண்ணான்? நல்ல பய. நான் பிடுங்கி விட்டுட்டேன். அந்தா வயரு தொங்குது பாருங்க. எட்டு மாசமா தொங்குது.

அவ போகும்போது எங்கிட்டச் சொல்லிட்டுப் போகல. அந்த வயர்கூடையக் கயித்தோட ஜன்னல்லயே விட்டுட்டுப் போயிட்டா. அது அவ பொருளுல்ல? ஒரு மாசம் கழிச்சு, விசாரிச்சு, கூடல்நகர்ல அவுக வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். கீழ் வீடு. படியே இல்ல. பஸ்ல போகும்போதே யோசிச்சு வச்சுருந்தேன், அவ 'யோவ் ஓனரு, வழி தவறி வந்துட்டியா'ன்னு கேப்பா, நான் 'இல்ல, என் டேங்க் ரொம்பிருச்சு, சொல்ல ஆள் தேடி வந்தேன்'னு சொல்லணும்னு. கதவத் தொறந்தா.

'வாங்க சார்'னா.

சாருன்னா தம்பி. என்னைய.

'ஒக்காருங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா சார்?' செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சேன். கூடையக் குடுத்தேன். 'எதுக்கு சார் வெயில்ல'ன்னா. சிரிச்சா, ஆனா பேங்குல சிரிப்பாக பாருங்க, அந்தச் சிரிப்பு. நான் யோசிச்சு வச்சத எல்லாம் அப்பிடியே முழுங்கிட்டு, தண்ணியக் குடிச்சுட்டு வந்துட்டேன். அன்னையிலருந்துதான் இந்த முட்டி வலி.

வீடு காலியாத்தான் கெடக்கு. பதினாலு பேரு வந்து பாத்துட்டாக. எனக்கு ஒத்து வரல. ஒருத்தர் கொரல் மேல நின்னு பேசுனா கீழ கேக்கவே மாட்டேங்குது. இன்னொருத்தரு—

இருங்க.

மோட்டாரு சத்தம் மாறிருச்சு. ரொம்பிருச்சு. ஒக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. தண்ணிதான, போகட்டும். ஒக்காருங்க.

கூப்புடுது. தங்கச்சிதான் கூப்புடுது. 'அங்கிள், டேங்க் ரொம்பிருச்சு'ங்குது. நல்ல கொரல்தான். தெளிவா இருக்கு. கொஞ்சம் இருங்க, கையப் புடிச்சு இழுக்காதீங்க. நீங்க பதில் சொல்லாதீங்க. இன்னொரு தடவ கூப்புடும்.

ம். ரெண்டு. 'அங்கிள், பைப்புல ஊத்துது'. பாத்தீங்களா, சொன்னேன்ல. ஒக்காருங்க தம்பி. ஒரே ஒரு தடவ.

...

மூணு.

என்னது? என்ன சொல்லுது? 'நானே வந்து நிப்பாட்டுறேன்'—

வராத! தாயி, எறங்காத! நில்லு! படியில தண்ணி ஊத்துது, வளைவுல ஊத்துது, எறங்காத தாயி, அங்கயே நில்லு! தம்பி, ஓடுங்க, பின்னாடி ஓடுங்க, கையக் குடுங்க அந்தப் புள்ளைக்கு! செவத்தப் புடிச்சுக்கச் சொல்லுங்க! கூட்டிட்டு வாங்க. நான் இத... இந்த வயரு எதுல, எதுலடா சொருகுனான்...

உள்ள போயிருச்சு. சொருகிட்டேன்.

நின்னுருச்சு. டப்புன்னு நின்னுருச்சு பாருங்க. பச்சை லைட்டு எரியுது. நல்ல மிசினு. எட்டு மாசமா சும்மா தொங்கிக் கெடந்துருக்கு.

வா தாயி. ஒன்னும் ஆகலையே? கால் வழுக்கலையே? எங்க, பாதத்தக் காட்டு. சேலை நனைஞ்சிருச்சா? ஒக்காரு, இந்தச் சேர்ல ஒக்காரு. தம்பி, அந்த மொழக்குழா மாமரத்தடியில கெடக்கும், அத எடுத்துக் குடுங்க, இப்பவே திருப்பிர்றேன். இல்ல, இப்பவே. பாசியச் சொரண்டணும். நானே சொரண்டுறேன், எனக்கு முட்டியெல்லாம் ஒன்னும் இல்ல.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்குறீங்க? வீடு வேணாம்னாலும் பரவால்ல. போங்க. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்.

என்ன தாயி கேட்ட? காது கேக்கலையான்னா?

கேட்டுச்சு தாயி. நீ மொதத் தடவ கூப்புட்டப்பவே கேட்டுச்சு. எனக்கு மொதத் தடவயே கேட்டுச்சு.